எலும்பில் குறையும் சுண்ணாம்பும் ரத்தக்குழாயில் ஏறும் சுண்ணாம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நிற்கிறேன், 20 வருஷம் தாண்டிவிட்டது. காலையில் படகுகள் கரைக்கு வந்தபின் ஒரு கூட்டம் வரும், சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இன்னொரு கூட்டம். 50 வயது தாண்டியவர்கள் எதைக் கேட்க ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: எலும்புக்கு மாத்திரை எடுத்தால் நெஞ்சுக்கு ஆகாதாமே, நெஞ்சுக்கு எடுத்தால் எலும்புக்கு ஆகாதாமே. பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது இதற்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம்.

எலும்புக்கும் ரத்தக்குழாய்க்கும் என்ன தம்பி சம்பந்தம்? அதுக்கு ஒரு டாக்டர், இதுக்கு ஒரு டாக்டர்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் அம்மா குடத்தோடு வழுக்கி விழுந்து முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு இடத்தைக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு கட்டை அமுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது, மற்ற கட்டைகளும் வெள்ளை குறைந்து மங்கலாகத் தெரிந்தன. அதற்கு முன்னால், ஒன்றுமே தெரியக் கூடாத இடத்தில், வெள்ளையாக இரண்டு கோடு. அதுதான் வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனி. அதன் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஒரே படத்தில், ஒரே உடம்பில், வேண்டிய இடத்தில் குறைந்தும் வேண்டாத இடத்தில் கூடியும் கால்சியம்.

உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி 1 சதவீதம்தான் ரத்தத்திலும் மற்ற இடங்களிலும். அந்த ஒரு சதவீதத்தை வைத்துத்தான் இதயம் துடிக்கிறது, தசை இழுக்கிறது, அதனால் ரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 8.5 முதல் 10.5 மி.கி. என்ற அளவை உடம்பு விடாப்பிடியாகக் காக்கும். சாப்பாட்டில் வராவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பும் சும்மா கிடக்கிற கட்டை இல்லை, பழையதை அரித்து எடுக்க ஒரு வகை செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை என்று வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 30 வயதுவாக்கில் உச்சம், அப்புறம் அரிப்பது கட்டுவதை முந்திவிடும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு 5 முதல் 7 வருஷத்துக்குள் 20 சதவீதம் வரைகூட எலும்பு போய்விடலாம். இதே வயதில்தான் ரத்தக்குழாயும் விறைக்க ஆரம்பிக்கிறது. இது தற்செயல் இல்லை என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

முட்டியில எலும்புத் தேய்மானம்னு சொன்னாங்களே, அதுதானா இது?

இல்லை. முட்டியில் தேய்வது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு, அது வலிக்கும். நான் சொல்வது எலும்புப்புரை, எலும்பே உள்ளுக்குள் சல்லடையாவது. ஒடிகிற நாள் வரை வலியே இருக்காது, அதுதான் சிக்கல். மூட்டுவலிக்குக் கால்சியம் மாத்திரை கேட்டு வருகிறவர்கள் ஏராளம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ரத்தக்குழாயில சுண்ணாம்பு படியுதுன்னா, நம்ம ஊரு உப்புத்தண்ணிதானே காரணம்?

போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்கள் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் பாத்திரத்தில் படிவது தானாகப் படிவது. குழாய்ச் சுவரில் நடப்பது செல்கள் செய்கிற வேலை. சுவரில் இருக்கும் தசைச் செல்கள் வயது, பிரஷர், சுகர், புகை, சிறுநீரகக் கோளாறு என்று அடி வாங்கி வாங்கி ஒரு கட்டத்தில் தங்கள் தொழிலையே மாற்றிக்கொண்டு எலும்பு கட்டும் செல் மாதிரி நடக்க ஆரம்பித்துவிடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை நுண்ணோக்கியில் பார்த்து, இது வெறும் படிவு இல்லை, எலும்பாக மாறுவது போல இருக்கிறது என்று எழுதிவைத்தார். அது நெடுங்காலம் அப்படியே கிடந்தது. 1993-ல்தான் எலும்பை வளரச் செய்யும் பிஎம்பி-2 என்ற புரதம் கொழுப்பு அடைத்த குழாய்ச் சுவரிலேயே இருப்பதைக் கண்டார்கள்.

இதைத் தடுக்கக் காவலும் உண்டு. எம்ஜிபி என்று ஒரு புரதம், அது இல்லாமல் பிறக்கும்படி செய்த எலிகள் 2 மாதத்துக்குள் தமனி முழுக்கக் கல்லாகி வெடித்துச் செத்தன என்று 1997-ல் காட்டினார்கள். அதாவது படியாமல் இருப்பதற்கே உடம்பு தினமும் உழைத்துக்கொண்டிருக்கிறது. எனவே தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பழி சொல்ல வேண்டாம். ஆனால் கரிக்கிற தண்ணீரில் சோடியம் இருக்கும், அது பிரஷரை ஏற்றும், பிரஷர் குழாயை அடிக்கும். குடிப்பதற்கும் சமையலுக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைக்கிற இடத்தில் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப எலும்புதான் கரைஞ்சு குழாயில போய் ஒட்டிக்குதா அண்ணே?

அப்படி ஒரு லாரியில் ஏற்றி இங்கிருந்து அங்கே இறக்குகிற கணக்காகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், எந்தப் பெண்களுக்கு எலும்பு அதிகம் குறைந்ததோ அவர்களுக்கே வயிற்றுப் பெருந்தமனியில் சுண்ணாம்பு அதிகம் ஏறியிருந்தது. ஒரு பொதுவான கயிறு இரண்டையும் இழுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவது, உடம்புக்குள் நீடித்த அழற்சி, சிறுநீரகம் தளர்வது, புகை, அசையாமல் இருப்பது, எல்லாம் இரண்டு பக்கமும் கெடுதல் செய்பவை.

எலும்பை அரிக்கிற செல்களை அடக்கிவைக்கும் ஆஸ்டியோபுரோடெஜெரின் என்ற புரதத்தை எலிகளிடமிருந்து நீக்கிப் பார்த்தபோது, 1998-ல், எலும்பும் சல்லடையானது, தமனியும் சுண்ணாம்பேறியது. ஒரே புரதம் போனதில் இரண்டு கேடும். எனக்கு இந்தச் சம்பந்தம் மண்டையில் ஏறியதே இதைப் படித்த பிறகுதான்.

கொழுப்பு அடைப்புன்னு சொல்றதும் இதுவும் ஒண்ணா?

பாதி ஒன்று. குழாயின் உள்பக்க அடுக்கில் கொழுப்புத் திட்டு வந்து அதில் சுண்ணாம்பு ஏறுவது ஒரு வகை, மாரடைப்புக்கு இட்டுச்செல்வது அதுதான். நடு அடுக்கில், தசைக்குள், வளையம் வளையமாகச் சுண்ணாம்பு ஏறுவது இன்னொரு வகை. வயதானவர்களுக்கு, சுகர் நாள்பட்டவர்களுக்கு, கிட்னி கெட்டவர்களுக்கு இது அதிகம். இது குழாயை அடைப்பதைவிட விறைக்க வைக்கும். ரப்பர் டியூப் போய் பிவிசி பைப் ஆன மாதிரி. இதயம் தள்ளுகிற ஒவ்வொரு தள்ளுக்கும் குழாய் விரிந்துகொடுக்காததால் மேல் பிரஷர் ஏறும், கீழ் பிரஷர் இறங்கும். 170-க்கு 70 என்று சீட்டில் பார்த்துவிட்டு "கீழ்து நல்லாத்தானே இருக்கு" என்று சந்தோஷப்படுகிற பெரியவர்களைத் தினம் பார்க்கிறேன். அந்த இடைவெளிதான் கவலைக்குரியது.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டா ஹார்ட் அட்டாக் வருமாமே? வாட்ஸ்அப்பில வந்துச்சு. நிறுத்திடவா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்வியால்தான். வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை. 2010-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல் என்றார்கள். அதற்கு எதிராகவும் ஆய்வுகள் வந்தன. 2016-ல் அமெரிக்காவின் எலும்புப்புரை அமைப்பும் இதயநோய்த் தடுப்பு மருத்துவர் சங்கமும் சேர்ந்து, உணவும் மாத்திரையுமாக மொத்தம் ஒரு நாளைக்கு 2000 முதல் 2500 மி.கி.யைத் தாண்டாதவரை இதயத்துக்குக் கேடு என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று அறிவித்தன. அதே 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு, 10 வருஷம் தொடர்ந்து பார்த்தது. மொத்தக் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்கு இதயக் குழாயில் சுண்ணாம்பு குறைவாக இருந்தது, ஆனால் மாத்திரை எடுத்தவர்களைத் தனியாகப் பிரித்தால் அவர்களுக்குச் சற்றுக் கூடுதல். ஆக சண்டை இன்னும் முடியவில்லை, ஒன்றில் மட்டும் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்: சாப்பாட்டில் அளவோடு வரும் கால்சியத்தால் இதயத்துக்குக் கேடு என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை.

ஏன் வித்தியாசம்? மீனிலும் பாலிலும் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படுகிறது, மாத்திரை ஒரேயடியாக ரத்தத்தில் கால்சியத்தைச் சில மணி நேரம் ஏற்றிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அதனால் நான் கடையில் சொல்வது இது. முதலில் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுங்கள், குறைகிற அளவுக்கு மட்டும் மாத்திரை. டாக்டர் எழுதியிருந்தால், முக்கியமாக எலும்புப்புரைக்கு மருந்து எடுப்பவர்கள், நிறுத்தவே கூடாது. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். அட்டையில் 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் அதில் கால்சியம் 500 மி.கி.தான், பயப்பட வேண்டாம். (சில மாத்திரைகளில் அது சிப்பி ஓட்டிலிருந்து எடுப்பது. நம் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைத்தான் அட்டை போட்டு நமக்கே விற்கிறார்கள்.) கார்பனேட்டை சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி, இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது.

பாலு குடிச்சா வயிறு ஒத்துக்காது. வேற எதுல எடுக்கிறது?

கடற்கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? நெத்திலி, காரல், சின்ன சூடை, முள்ளோடு மென்று தின்கிற எந்த மீனும் கால்சியம்தான். சதையை மட்டும் தின்றுவிட்டு முள்ளைப் பூனைக்குப் போட்டால் பூனைக்குத்தான் எலும்பு பலமாகும். வஞ்சிரம், பாறை நல்ல மீன்தான், ஆனால் அந்த முள்ளை யார் தின்ன முடியும்? விலை குறைந்த பொடி மீன்தான் இந்த விஷயத்தில் உசத்தி.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவில் இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எள்ளில் 1000-க்கும் மேல் (ஆனால் எள்ளை யாரும் 100 கிராம் தின்னப்போவதில்லை, ஒரு உருண்டைதான்). பால் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு 200 மில்லி டம்ளருக்குச் சுமார் 240. பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு மோர் ஒத்துக்கொள்ளும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்ன கணக்கு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி., மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200. பசலை மாதிரிக் கீரைகளில் எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் அதிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்தான்.

கருவாடு முள்ளோடதானே திங்கிறோம், அப்ப ரொம்ப நல்லதுல்ல?

முள் நல்லது, உப்புதான் ஆகாது. உப்பு ஏறினால் பிரஷர் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கூடவே கால்சியத்தையும் தள்ளிவிடும். ஒரு டீஸ்பூன் உப்பு அளவுக்குச் சோடியம் வெளியேறும்போது சுமார் 40 மி.கி. கால்சியம் கூடப் போகும் என்பது கணக்கு. ஆக உப்பு ஒரு கையால் குழாயையும் மறு கையால் எலும்பையும் பிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் என்று ஒரு நாள் மதியமே அது முடிந்துவிடும். கருவாடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் என் வீட்டிலேயே சோறு கிடைக்காது. வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல், வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவித்தான் போடுறேன். அதுவே கால்சியம்தானே அப்பு?

தாத்தா ஒருவர் கேட்டது. கால்சியம்தான், பொய் இல்லை. பதநீர்ப் பானையில் தடவுகிற சுண்ணாம்பும் அதேதான். ஆனால் நாள் முழுக்கச் சுண்ணாம்போடு பாக்கு மெல்கிறவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதைவிடப் பெரிய விஷயம், கொட்டைப்பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் உலக அளவில் உறுதி செய்துவிட்டார்கள். கூடப் புகையிலையும் சேர்ந்தால் ரத்தக்குழாய், எலும்பு, வாய் எல்லாவற்றுக்கும் அடி. எலும்புக்காக வெற்றிலை போடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாள் பூரா வெயில்ல கிடக்கிறோம், எங்களுக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?

படகில் சட்டை இல்லாமல் நிற்கிற இளவட்டத்துக்குக் குறைய வாய்ப்பு கம்மி. ஆனால் கடைக்கு வருகிற 60 வயதுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்திப் பத்து வருஷம் ஆகியிருக்கும், திண்ணை நிழலில் உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டுப் பெண்கள் கை, தலை மூடித்தான் வெளியே போவார்கள். வயது ஏறினால் அதே வெயிலில் தோல் தயாரிக்கும் அளவும் நன்றாகக் குறையும். அதனால் இந்த வெயிலிலும் குறைகிறது.

சரி, குறைந்தது என்று தெரிந்ததும் நடப்பதுதான் இன்னொரு கூத்து. 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று, 8 வாரம் என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக வாரா வாரம் வாங்குகிறவர்கள் உண்டு. "சத்து மாத்திரைதானே" என்பார்கள். இது தண்ணீரில் கரைந்து போகாது, கொழுப்பில் சேரும். அளவு மீறினால் குடல் கால்சியத்தை வாரி இழுக்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறும், தாகம், மலச்சிக்கல், வாந்தி, குழப்பம் வரும். எலிகளின் தமனியில் சுண்ணாம்பு ஏற்றிப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் கையாளும் வழிகளில் ஒன்றே அளவுக்கு மீறிய வைட்டமின் டி கொடுப்பதுதான். குறைவாக இல்லாதவர்களுக்கு இதனால் பெரிய லாபமும் இல்லை, அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் நடந்த சோதனையில் தினம் 2000 யூனிட் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை.

கே2ன்னு ஒரு மாத்திரை, கால்சியத்தைக் குழாயில இருந்து எடுத்து எலும்புல சேர்க்குமாம்ல?

விளம்பரம் சொல்வது அது. மேலே உப்புத்தண்ணிக் கேள்வியில் எம்ஜிபி என்ற காவல்காரப் புரதத்தைச் சொன்னேன் அல்லவா, அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும் (கே2 அதில் ஒரு வகை), அதுவரை உண்மை. ஆனால் மாத்திரையாகக் கொடுத்தால் மனிதர்களுக்குப் படிவு குறையுமா என்று டென்மார்க்கில் இதய வால்வில் சுண்ணாம்பு உள்ள 365 ஆண்களுக்கு 2 வருஷம் கே2-வும் டி-யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2022-ல் முடிவு வந்தது, வால்வுப் படிவு வேகம் குறையவில்லை. எனவே வைட்டமின் கே-க்கு இப்போதைக்கு முருங்கைக்கீரை போதும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவர்கள் கே2-வைத் தொடவே கூடாது. அந்த மருந்து வேலை செய்வதே வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். கீரையையும் ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று ஏற்றி இறக்காமல் ஒரே அளவில் சாப்பிட வேண்டும்.

எனக்கு சுகர். ஸ்கேன்ல எலும்பு நல்லா இருக்குன்னு வந்துருச்சு. அப்புறம் என்ன பயம்?

இங்கேதான் கணக்கு இடிக்கும். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு எலும்பு அடர்த்தி சரியாகவே, சில சமயம் கூடுதலாகவே காட்டும். ஆனாலும் மற்றவர்களைவிட அதிகம் ஒடியும். அடர்த்தி இருக்கிறது, தரம் இல்லை, கூடவே கால் மரத்துப்போவதும் கண் மங்குவதும் சேர்ந்து விழ வைக்கிறது.

ரத்தக்குழாய்ப் பக்கமும் இதே மாதிரி ஒரு ஏமாற்று உண்டு. கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரோடு வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு. 1.4-க்கு மேலே வந்தால்? நல்ல ஓட்டம் என்று அர்த்தமில்லை, குழாய் சுண்ணாம்பேறிக் கல்லாகி, கட்டிய பட்டையால் அமுக்கவே முடியவில்லை என்று அர்த்தம். அப்போது கால் விரல் பிரஷரைப் பார்க்க வேண்டும். மணலிலும் சிப்பி ஓட்டிலும் செருப்பில்லாமல் நடக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

கிட்னி ப்ராப்ளம் இருக்கிறவங்க?

அவர்களுக்கு மேலே சொன்ன எதையும் அப்படியே பொருத்தாதீர்கள். சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியேற்ற முடியாமல் போனால் எலும்பும் குழாயும் சேர்ந்தே வேகமாகக் கெடும். கால்சியம், வைட்டமின் டி, பால், கருவாடு, கோலா பானம் எல்லாவற்றுக்கும் உங்கள் சிறுநீரக டாக்டர் சொல்வதுதான் அளவு.

பிரஷர் மாத்திரை எலும்பை அரிச்சிருமா?

வகையைப் பொறுத்தது. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளில் தையசைடு வகை, சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கும், எலும்புக்கு ஒருவிதத்தில் அனுகூலம். (அதோடு கால்சியத்தையும் டி-யையும் அளவில்லாமல் சேர்த்தால் ரத்தத்தில் ஏறிவிடும்.) ஃபுரோசமைடு வகை கால்சியத்தை வெளியே தள்ளும். பிரஷரைவிட நான் அதிகம் கவலைப்படுவது வாயு மாத்திரையைப் பற்றி. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிய பேன்டோபிரசோலை ஐந்து வருஷமாகத் தினம் காலையில் போடுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் தெரியுமா? நீண்ட நாள் எடுத்தால் எலும்பு முறிவு சற்றுக் கூடும் என்று தெரிய வந்திருக்கிறது. வயிற்றில் அமிலம் இல்லாவிட்டால் கால்சியம் கார்பனேட்டும் சரியாக உறிஞ்சாது, அவர்களுக்கு சிட்ரேட் வகை மேல்.

இன்னொன்று, படுக்கையிலிருந்து எழுந்ததும் பிரஷர் சடாரென்று இறங்கித் தலை சுற்றி விழுவது. விறைத்த குழாய் உள்ளவர்களுக்கு இது அதிகம். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்று 3 நிமிஷத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள், மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். இடுப்பெலும்பு ஒடிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள். அந்த முறிவு பெரும்பாலும் விழுவதால்தான் வருகிறது, ராத்திரி பாத்ரூம் போகும் வழியிலும் கவனம் வேண்டும்.

கொலஸ்ட்ரால் மாத்திரை ஒழுங்காத்தான் போடுறேன், ஆனா கால்சியம் ஸ்கோர் ஏறிடுச்சே. மாத்திரை வேலை செய்யலையா?

வேலை செய்கிறது. கால்சியம் ஸ்கோர் என்பது இதயக் குழாயில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லும் எண். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாடின் மாத்திரை கொழுப்புத் திட்டைச் சுருக்கி இறுகச் செய்கிறது, இறுகும்போது அதில் சுண்ணாம்பு கூடித் தெரியும். மாரடைப்பு வருவது பெரும்பாலும் மெத்தென்று இருக்கும் திட்டு வெடிப்பதால். இறுகியது வெடிப்பது குறைவு. எனவே ஸ்கோர் ஏறியதை மட்டும் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் தப்பு. மாத்திரை தொடங்கியபின் அந்த ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் பெரிய பயனும் இல்லை.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. இப்ப எலும்புக்கு ஊசி போடணும்கிறாங்க. போடலாமா?

எந்த ஊசி என்று முதலில் கேளுங்கள். ரோமோசோசுமாப் என்று மாதம் ஒரு தடவை போடுவது எலும்பை வேகமாகக் கட்டும், ஆனால் 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோதே, கடந்த ஒரு வருஷத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குப் போடக் கூடாது என்று எச்சரிக்கை போட்டுத்தான் கொடுத்தார்கள். ஸ்டென்ட் எப்போது, எதற்காக வைத்தது என்பதை எலும்பு டாக்டரிடம் நீங்களே சொல்ல வேண்டும், ஒரு டாக்டர் சீட்டு இன்னொரு டாக்டருக்குத் தானாகப் போய்ச் சேராது.

சோலெட்ரானிக் ஆசிட் வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றுவது, அதற்கு முன் சிறுநீரகச் சோதனை கட்டாயம். டெனோசுமாப் 6 மாதத்துக்கு ஒரு தடவை. இதில் ஒரு பெரிய கொக்கி, தேதி தவறவிட்டாலோ திடீரென்று நிறுத்தினாலோ அடக்கிவைத்த எலும்பு அரிப்பு பழையதைவிட வேகமாகத் திரும்பி முதுகெலும்பு பல இடத்தில் ஒடியலாம். புயல், பணமில்லை, மகன் ஊருக்கு வரவில்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வார மாத்திரையான அலென்ட்ரோனேட் என்றால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல்.

வலை இழுத்த உடம்பு இது. எனக்கெதுக்குத் தம்பி எக்சர்சைஸ்?

இழுத்த காலத்தில் சேர்த்த எலும்பு இன்றைக்கும் உங்களைத் தாங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் எலும்புக்குப் பாரம் ஏறுவது நின்றால் அது தேவையில்லை என்று உடம்பு கணக்கு எழுதிவிடும். பாசி எடுக்கப் போகிற அக்காமார்களும் இதைக் கேட்பார்கள். கடலுக்குள் முங்கி எடுப்பது மூச்சுக்கும் இதயத்துக்கும் பெரிய உழைப்பு, ஆனால் உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் பாரம் கம்மி. கரையில் கால் ஊன்றி நடப்பதும் படி ஏறுவதும்தான் எலும்புக்குப் பேசும்.

எலும்புக்குள்ளேயும் ரத்தக்குழாய் உண்டு. ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரத்தில் அஞ்சலி குசும்பே, ரால்ஃப் ஆடம்ஸ் இருவரும் குழுவினரும் 2014-ல் எலியின் எலும்புக்குள் தனி வகையான நுண்குழாய் ஒன்று இருப்பதைக் காட்டினார்கள், எலும்பு கட்டும் செல்கள் அதைச் சுற்றித்தான் கூடுகின்றன, வயதானால் அந்தக் குழாய்கள் குறைந்துபோகின்றன. குழாய் போனால் எலும்பு கட்டும் வேலையும் படுக்கும். அதனால் நடப்பது நெஞ்சுக்கா எலும்புக்கா என்று பிரிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடங்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். முதுகெலும்பு ஏற்கெனவே ஒடிந்தவர்கள் மட்டும் குனிந்து குடம் தூக்கக் கூடாது. எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி நான்தான் அலுத்துப்போனேன்.

அப்ப எந்த டெஸ்ட்தான் எடுக்கிறது?

காசில்லாத டெஸ்ட் முதலில். சுவரில் சாய்ந்து உயரம் அளந்து பாருங்கள், இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம். பிரஷர், சுகர், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) மூன்றையும் பக்கத்திலேயே பார்த்துவிடலாம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமே பிரஷரைப் பார்க்கச் சொல்லலாம். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், அதற்கு என்னிடம் கேட்பவர்களில் பலரும் மதுரைக்குத்தான் போகிறார்கள். அதில் டி ஸ்கோர் (T-score) என்று ஒரு எண் வரும், இளம் வயது எலும்போடு ஒப்பிட்ட கணக்கு அது, வைட்டமின் டி இல்லை. அது மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் எலும்புப்புரை. சின்ன விழுதலில் எலும்பு ஒடிந்தவர்கள், ஸ்டீராய்டு நாள்பட எடுத்தவர்கள் வயதைப் பார்க்காமல் எடுக்க வேண்டும். இதயக் குழாய் கால்சியம் ஸ்கோர் எல்லாருக்கும் தேவையில்லை, ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சுத்தமாகத் தேவையில்லை.

உங்கள் பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். இடுப்பு முதுகுக்கு பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால், "முன்னாடி வெள்ளையா கோடு தெரியுதா சார்" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படிஞ்ச சுண்ணாம்பைக் கரைச்சு எடுக்க ஏதாவது மருந்து, கஷாயம் இருக்கா?

எலுமிச்சை, பூண்டு, இஞ்சி, வினிகர் எல்லாம் சேர்த்துக் காய்ச்சுகிற ஒன்று வருஷத்துக்கொரு தடவை சுற்றி வரும். பாத்திரத்துப் படிவை எலுமிச்சை கரைக்கும், தமனிச் சுவருக்குள் இருப்பதை அது போய்த் தொடாது, ஏன் என்று மூன்றாவது பதிலிலேயே இருக்கிறது. இடிடிஏ என்ற மருந்தை நரம்பில் ஏற்றி அடைப்பைக் கரைக்கிறோம் என்று பெரிய ஊர்களில் காசு வாங்குகிறார்கள். மாரடைப்பு வந்தவர்களிடம் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள், 2013-ல் சிறிய பலன் தெரிவது போல இருந்தது, சுகரும் உள்ளவர்களிடம் மறுபடி சரிபார்த்தபோது 2024-ல் பலன் இல்லை என்று முடிந்தது. ஏறிய சுண்ணாம்பை இறக்க இன்றைக்கு நம்பிக்கையாகச் சொல்லக்கூடிய மருந்து எதுவும் இல்லை, மேலே ஏறுகிற வேகத்தைப் பிரஷர், சுகர், புகை, உப்பு இவற்றைப் பிடித்து மெதுவாக்கலாம். அந்த ஊசிக்கு ஆகிற பணத்தில் வீட்டு பாத்ரூமில் ஒரு கைப்பிடியும் ராத்திரி விளக்கும் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு வருஷம் முழுக்க நெத்திலி வாங்கலாம்.